தங்கை கல்யாணத்துக்கு முன்னால் ஞானப்பல்லை எடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது எட்டுக் கேள்வி. கீழ்த்தாடையில் ஞானப்பல் இரண்டும் படுத்துக் கிடக்கின்றன, ஆறு மாதத்தில் இரண்டு தடவை ஈறு வீங்கி வாயைத் திறக்க முடியாமல் போனது, இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று பல் மருத்துவர் சொல்லிவிட்டார். அறுவை முடிந்த 10ஆம் நாள் திருச்சிக்கு விமானம், 13ஆம் நாள் தங்கை கல்யாணம். எத்தனை நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), என்ன சாப்பிடுவது, உதடு மரத்தே போய்விடுமா, அம்மா சொல்வதுபோல் கண்பார்வை கெடுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: கல்யாணப் பந்தலில் வீங்கிய கன்னத்தோடு, எல்லோரும் வடையைக் கடிக்கும்போது பாயசத்தை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார வேண்டி வருமா? பெரும்பாலும் வராது. ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் தேதியைக் கொஞ்சம் நகர்த்துவேன். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பல் மருத்துவர் இல்லை. சிங்கப்பூரில் 17 வருஷமாகப் பல் மருந்தகங்களில் உதவியாளராக இருக்கிறேன். அறுவையின்போது உறிஞ்சுகுழாயைப் பிடிப்பது, கருவி எடுத்துக் கொடுப்பது, அப்புறம் மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் நோயாளிகளுக்கு போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது என் வேலை. பல்லை எடுப்பது எப்படி என்பதைவிட, எடுத்த பிறகு வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதுதான் எனக்கு அதிகம் தெரியும். உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. உங்கள் மருத்துவர் சொல்வதும் நான் சொல்வதும் முட்டிக்கொண்டால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எடுக்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலருக்கு அந்தச் சந்தேகம் இருக்கும். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் போய்த் தங்கும், பிரஷ் அங்கே எட்டாது. உங்களுக்கு வந்த வீக்கம் அப்படி வந்ததாகத்தான் தெரிகிறது. ஒரு தடவை வந்தால் கழுவிவிட்டுப் பார்க்கலாம். இரண்டாம் தடவையும் வந்துவிட்டால் மூன்றாவதும் வரும் என்றுதான் நினைக்க வேண்டும். ஒரு தொந்தரவும் தராமல் எலும்புக்குள் புதைந்து கிடக்கும் பல்லை முன்னெச்சரிக்கையாக எடுப்பதா என்பதில்தான் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே, நோயில்லாத ஞானப்பல்லில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வேர் முழுதாக வளர்ந்து எலும்பு இறுகுவதற்கு முன்பு எடுப்பதே சுலபம் என்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பல் அந்தச் சர்ச்சைக்குள் வராது.

சரி, தேதி. உங்கள் வயதில் 10ஆம் நாள் என்றால் வீக்கம் வடிந்து, தையலும் கரையத் தொடங்கியிருக்கும் அல்லது எடுத்திருப்பார்கள். வாயும் ஏறக்குறைய பழையபடி திறக்கும். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அப்படித்தான் போகும் என்பது என் அனுபவக் கணக்கு, ஆய்வுக் கணக்கு இல்லை. மீதி ஒன்றிரண்டு பேருக்குக் குழியில் சீழ் பிடிப்பது, வாய் திறக்கச் சிரமப்படுவது என்று ஏதாவது இரண்டாம் வாரத்துக்கும் இழுக்கும். அது நீங்களாக இருந்தால், அறுவை செய்தவர் சிங்கப்பூரில் இருப்பார், நீங்கள் மண்டபத்தில் வாழைமரம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். முடிந்தால் இன்னும் ஒரு வாரம் முன்னால் தேதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஊரிலிருந்து திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஈறு வீங்கியிருந்தால் எப்படியும் அதை முதலில் அடக்கிவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். தள்ளிப்போட்டால் கல்யாணத்தன்று ஈறு வீங்கும் அபாயம் இருக்கிறது, அது உண்மைதான். அதற்கு ஈறு மூடிக்கடியில் நன்றாகக் கழுவி, கொப்பளிக்க மருந்து கொடுத்து அனுப்புவார்கள், கேட்டு வாங்குங்கள்.

கிழமையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே பலரும் வெள்ளிக்கிழமையைக் கேட்பார்கள், சனி ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம் என்ற கணக்கு. ஆனால் வீக்கம் உச்சத்துக்குப் போவது இரண்டாம் மூன்றாம் நாள், சிக்கல் தலைகாட்டுவது மூன்றாம் நான்காம் நாள். வெள்ளிக்கிழமை செய்தால் இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும், மருந்தகம் மூடியிருக்கும். திங்கள் அல்லது செவ்வாய் காலை கேளுங்கள். காலையில் செய்தால் மரப்பு இறங்கும்போதும் ரத்தம் கசியும்போதும் எங்கள் போனை எடுக்க ஆள் இருக்கும். எம்சி வழக்கமாக 3 முதல் 5 நாள் கொடுப்பார்கள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் என்றால் ஒரு வாரம் வரைகூட. வெயிலில் நின்று பளு தூக்கும் வேலை என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள், அலுவலக வேலைக்குக் கொடுக்கும் எம்சி உங்களுக்குப் போதாது.

முன்னேற்பாடு என்றால் சாப்பாட்டைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அதைவிட முக்கியம், நீங்கள் போடும் மருந்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள். அது பல்லைவிடப் பெரிய ஆபத்து, மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. எலும்புத் தேய்வுக்கு ஊசி போடும் அம்மாக்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், ஏதாவது மாத்திரைக்குக் கண் இமை வீங்கியவர்கள் எல்லோரும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மரப்பு ஊசி மட்டும் என்றால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியிலேயே மயங்கிச் சாய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முழு மயக்கமோ அரை மயக்கமோ என்றால் நேர்மாறு: பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பாடு கிடையாது, 2 மணி நேரத்துக்கு முன்பிருந்து தண்ணீரும் கிடையாது, வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வர வேண்டும், அன்று முழுக்க வண்டி ஓட்டக்கூடாது. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டு வாருங்கள், வீங்கிய கன்னத்தில் உரசாமல் கழற்றலாம். உதட்டோரத்துக்கு வாசலின் வாங்கி வையுங்கள், வாயை இழுத்துப் பிடிப்பதில் அந்த மூலை வெடித்துவிடும். மறுநாள் போனில் பாதிப் பேர் பல்லைவிட அதைப் பற்றித்தான் புலம்புவார்கள்.

அறுவையின்போது வலி தெரியாது, அழுத்தம் தெரியும். ஈறைக் கீறி, பல்லைச் சுற்றி எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்பார்கள். துண்டாகும்போது கரும்பு முறிகிறமாதிரி ஒரு சத்தம் உங்கள் மண்டைக்குள்ளேயே கேட்கும். பயந்துவிடாதீர்கள், முறிவது பல்தான், தாடை இல்லை. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்திலிருந்து முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்போம். நிஜமாகவே தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

வீட்டுக்குப் போனபின் எல்லாம் ஒரு ரத்தக் கட்டியைச் சுற்றித்தான். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கருஞ்சிவப்பில், புளிக்கரைசல் கெட்டியானதுபோல இருக்கும். எலும்புக்கும் நரம்பு நுனிக்கும் அதுதான் மூடி. அதை இடம்பெயர விடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் சில நாள் உங்கள் வேலை. கடித்திருக்கும் பஞ்சுத்துணியை 30 நிமிடத்திலிருந்து 1 மணி நேரம் வரை எடுக்காமல் கடித்திருங்கள், அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்காதீர்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். துப்புவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது இரண்டும் கட்டியை இழுக்கும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம். எச்சிலில் ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே வாயெல்லாம் ரத்தமாகத் தெரியும். தலையணை உறையில் ரோஜா நிறக் கறையைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் பதறியவர்கள் நிறைய. கசிவு என்றால் பரவாயில்லை. வாய் நிரம்ப நிரம்ப வந்தால் சுத்தமான பஞ்சுத்துணியை நனைத்து மடித்து அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் கூப்பிடுங்கள்.

வலி மாத்திரையை வலி வந்தபின் போடலாம் என்று காத்திருக்காதீர்கள். உதடு இன்னும் மரத்திருக்கும்போதே முதல் மாத்திரை உள்ளே போக வேண்டும். ஞானப்பல் வலிக்கு 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென், 1000 மில்லிகிராம் பாராசிட்டமோலைவிட நன்றாகக் கேட்கிறது என்று 2013இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இரண்டும் வேறு வேறு வகை மருந்து என்பதால் சேர்த்தும் கொடுப்பார்கள். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் இபுப்ரோஃபென் பக்கம் கேட்காமல் போகக்கூடாது. இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு வேறொன்று. மருத்துவர் ஆர்காக்சியா என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார், வீட்டு டிராயரில் பழைய இபுப்ரோஃபென் கிடக்கும், வலி தாங்காமல் இரண்டையும் போடுவார்கள். இரண்டும் ஒரே குடும்பம், சேர்த்தால் வலி குறைவதைவிட வயிறும் சிறுநீரகமும்தான் அடி வாங்கும். பனடோலை, அதாவது பாராசிட்டமோலை, ஆர்காக்சியாவோடு சேர்க்கலாம், 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கொடுத்தால் முடியும்வரை போடுங்கள், கொடுக்காவிட்டால் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

இனி நாட்காட்டி. போனில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வலிக்கு முதல் நாள் ராத்திரிதான் உச்சம், அப்புறம் நாளுக்கு நாள் இறங்கும். வீக்கத்தின் கணக்கு வேறு: மறுநாள் ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், கன்னம் கொழுக்கட்டை மாதிரி ஆகும், அதன்பின் வடியும். மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு "நேற்றைவிட மோசமாகிவிட்டது" என்று அழாத குறையாகப் பேசுவார்கள். வீக்கம் மட்டும் ஏறியிருந்தால் அது எதிர்பார்த்ததுதான். வாய் இரண்டு விரல்கூடப் போகாமல் இறுகியிருப்பதும் ஒரு வாரத்தில் தானாக இளகும். முதல் நாள் முழுக்க 15 நிமிடம் ஐஸ், 15 நிமிடம் ஓய்வு என்று வையுங்கள், உறைந்த பட்டாணிப் பொட்டலம் கன்னத்தில் அழகாகப் பொருந்தும். ஐஸ் வீக்கத்தை எவ்வளவு குறைக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது, ஆனால் சுகமாக இருக்கும். இரண்டு தலையணை வைத்து உயரமாகப் படுங்கள்.

வீக்கம் மூன்றாம் நாள் ஏறலாம், வலி அப்படி இல்லை. குறைந்துகொண்டே வந்த வலி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திரும்பி வந்து, காது வரைக்கும் குத்தி, மாத்திரைக்கு அடங்காமல், வாயில் நாற்றமும் சேர்ந்தால், ரத்தக் கட்டி கரைந்து எலும்பு திறந்துகிடக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். டிரை சாக்கெட் என்பார்கள். என் பழைய வேலையிடம் ஒன்றில் ஒரு பெண் நான்காம் நாள் போன் செய்தார். "நேற்று நல்லா இருந்துச்சுக்கா, இன்னைக்குக் காதுக்குள்ள ஏதோ கடையுது" என்றார். நான் அட்டையைப் பார்த்து, நான்காம் நாள், வலி இருக்கும்தான், பனடோல் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நாள் தூங்காமல் வந்து நின்றார். குழிக்குள் சாம்பல் நிறத்தில் எலும்பு தெரிந்தது. கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்து கலந்த மருந்தை வைத்ததும் பத்தே நிமிடத்தில் அவர் முகம் மாறியதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து "எவ்வளவு வலிக்கிறது" என்று நான் கேட்பதில்லை, "நேற்றைவிடக் கூடவா குறைவா" என்றுதான் கேட்பேன். நீங்களும் உங்களையே அப்படிக் கேட்டுப் பாருங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை போடும் பெண்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. சிகரெட்டைக் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் தொடாதீர்கள். வேப் இங்கே சட்டப்படியே குற்றம், குழிக்கும் அது ஆகாது. அம்மா சொல்லும் கிராம்புத் தைலத்தை நீங்களாகக் குழிக்குள் ஊற்றாதீர்கள், சதை வெந்துவிடும். மஞ்சள்தூள் அடைப்பதும் வேண்டாம், பிறகு அதைக் கழுவி எடுப்பதே எங்களுக்கு ஒரு வேலையாகிவிடும்.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாள் ஆறின கஞ்சி, மோர், ஸ்ட்ரா போடாத மைலோ. உணவங்காடியில் விற்கும் தவ்ஹுவே (மெத்தென்ற சோயாப்பால் இனிப்பு) இதற்கென்றே செய்தமாதிரி இருக்கும், சூடாக மட்டும் வாங்காதீர்கள். மீன் கஞ்சியில் இஞ்சித் துண்டையும் வறுத்த வெங்காயத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த ரசம் சோறு, இட்லி. முறுக்கு, வேர்க்கடலை, எள்ளுருண்டை இரண்டு வாரத்துக்கு வேண்டாம், எள் ஒன்று குழிக்குள் போனால் லேசில் வராது. உறைப்பு புண்ணைக் கெடுக்காது, ஆனால் எரியும். 24 மணி நேரம் கழிந்தபின் சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, தானாக வழியவிடுங்கள்.

உதடு விஷயம். கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அடியில் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது, உள்பக்கமாக நாக்கு நரம்பு. நரம்பு அதிர்ந்தால் உதடோ நாக்கோ சில வாரமோ சில மாதமோ மரத்திருக்கலாம். அது நூற்றில் ஒரு சிலருக்கு வருவது, பெரும்பாலும் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒன்றுக்கும் கீழே. இது உணர்ச்சி நரம்பு, வாய் கோணாது. ஆனால் உங்கள் பல்லுக்கு ஆபத்து எவ்வளவு என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். "வேர் நரம்பைத் தொடுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். தொடுவதுபோல் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள். சிலருக்கு வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுக்கும் முறையும் உண்டு. அறுவைக்கு மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், கல்யாணம் முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கண்பார்வை கெடும் என்பது நம் ஊரில் பாட்டி காலத்திலிருந்து வரும் பயம். பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மேல் பற்களுக்குப் போகும் நரம்பின் ஒரு கிளை கண்குழியின் தரை வழியாகப் போவதால் மேல்பல் வலி கண்ணுக்குக் கீழே இழுக்கும், பயம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அம்மாவிடம், உங்களுக்கு எடுப்பது கீழ்ப்பல் என்று சொல்லிவிடுங்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

செலவு பற்றி இரண்டு வரி. ஈறைக் கீறி எடுக்கும் அறுவைக்கு மெடிசேவ் (சிபிஎஃப் சேமநிதியில் மருத்துவத்துக்கென்று இருக்கும் பணம்) பயன்படுத்தலாம், சும்மா பிடுங்குவதற்கு முடியாது. அறுவையின் சிக்கலைப் பொறுத்து உச்சவரம்பு மாறும், அதற்கு மேல் கையிலிருந்து. சிபிஎஃப் இல்லாத வேலை அனுமதிக்காரர்கள் முதலாளி காப்புறுதியில் பல் சேருமா என்று முன்பே கேட்டு வையுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகப் பரிந்துரையோடு தேசியப் பல் நிலையத்துக்குப் போனால் கட்டணம் குறையும், ஆனால் காத்திருக்க வேண்டும். உங்கள் கல்யாணக் கணக்குக்கு அது ஒத்துவருமா என்று பாருங்கள்.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினால், காய்ச்சல் அடித்தால் மருந்தகத்தைக் கூப்பிடுங்கள். எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் மருந்தகம் வேண்டாம், நேராக ஆம்புலன்ஸ், 995.

ஈறு மூடினாலும் குழி தூர்ந்து சமமாகச் சில வாரம் ஆகும், எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரம் கழித்துக் குழியைக் கழுவ வளைந்த மூக்குள்ள ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சு கொடுப்பார்கள், ஊசி இருக்காது. அதைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பந்தியில் சோறு, சாம்பார், அவியல், பாயசம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், வடையை மட்டும் சாம்பாரில் ஊறவிட்டு முன்பல்லால் கடியுங்கள். கை கழுவப் போகும்போது சிரிஞ்சையும் கொண்டு போங்கள்.